நீட்டிய கையில் பழத்தோல்

சான் ரோக்கே, ஏரிக்கரை
1887 அக்டோபர் 4

அன்புள்ள தம்பி எலிசியோ,

ஜூலையில் நீ எழுதிய கடிதம் கிடைத்தது. மத்ரித்தில் கொண்டைக்கடலையைத் தவிர வேறு உணவே கண்ணில் படுவதில்லை என்று எழுதியிருந்த இடத்தை உன் அத்தானுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். "குதிரைக்குப் போடுறதத் தின்னுட்டுச் சட்டம் படிக்கிறானா? பாஸாகிடுவான். ஓடியே பாஸாகிடுவான்" என்றார். உனக்குக் கருவாடு அனுப்ப ஆசைதான். நாற்பது நாள் கப்பலில் வந்த கருவாட்டை நீ தின்னமாட்டாய். அதுதான் உன்னைத் தின்னும்.

இந்த வருடம் லான்சோனஸ் மரங்களில் இலை தெரியவில்லை, அத்தனை பழம். தோலை வீணாக்காமல் கூரைமேல் காயப்போட்டிருக்கிறேன். கோவிலில் ஆர்கன் வாசித்து, அதன் துருத்தியின் இரைச்சலில் பாதி நாள் உட்கார்ந்திருக்கும் உன் அத்தானுக்குக் கொசுவின் ரீங்காரம் மட்டும் பொறுக்காது. காய்ந்த தோலைக் கொளுத்திப் புகை போட்டால்தான் படுப்பார்.

பழத்தைப் பற்றி எழுதியதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன்.

உனக்கு முதல் எழுத்து சொல்லித்தந்த ஆசிரியர் தர்சிலோ, பள்ளி முடிந்தபின் பெரிய பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழி கற்பித்துவந்தார். பங்குச் சாமியார் அகாபித்தோவுக்கு அது எட்டியது. போன புதன்கிழமை கோவிலில் பூசை உடை மாற்றும் சக்ரீஸ்து அறைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அன்று காலையில்தான் ஆர்கனின் துருத்தி கிழிந்திருக்கிறது, தைத்துவிடு என்று அத்தானிடம் அவரே சொல்லியிருந்தார். அத்தான் பலகைத் தடுப்புக்குப் பின்னால் எருமைத்தோலும் ஊசியுமாக உட்கார்ந்திருந்ததை மறந்தாரா, பொருட்படுத்தவில்லையா, தெரியாது.

"பிள்ளைங்களுக்கு எங்க மொழி எதுக்குடா?" என்றாராம்.

"மத்ரித் உத்தரவு சாமி. சட்டத்துலயே இருக்கு."

"மத்ரித் இங்கிருந்து நாப்பது நாள். உன் பள்ளிக்கூடம் எங்கிட்டருந்து நாப்பது அடி. உத்தரவு வந்து சேர்றதுக்குள்ள நான் வந்து சேந்துடுவேன்."

ஆசிரியர் தொப்பியை எடுத்துக்கொண்டார். விடைபெறும்போது வழக்கப்படி கையை முத்தி செய்யக் குனிந்து, தம் கையை நீட்டியிருக்கிறார். சாமியார் லான்சோனஸ் உரித்துத் தின்றுகொண்டிருந்தவர், அந்தக் கையில் தம் கையை வைக்கவில்லை. தோலை வைத்தார். "வெளிய போட்டுட்டுப் போ" என்றார்.

ஆசிரியர் அதை வெளியே போடவில்லை. மூடிய கையோடு சதுக்கத்தைக் கடந்து வீடுவரை போனதை அத்தான் சன்னல் வழியே பார்த்திருக்கிறார். தம் மனைவியிடம்கூட ஆசிரியர் சொல்லவில்லை. அத்தான் என்னிடம் சொன்னார், நான் உன்னிடம் சொல்கிறேன். உன் காதோடு நிற்கட்டும்.

ஊர்த் தபால்பெட்டி சாமியார் வீட்டு வாசலில் இருப்பதால், சந்தைக்கு வரும் சீனத்துத் துணிக்காரர் வழியாக மணிலாவுக்கு அனுப்புகிறேன். பனியில் காதை மூடிக்கொள்.

உன் அக்கா
மகாரியா


மத்ரித்
1887 நவம்பர் 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஏழு முறை படித்தேன். எட்டாவது முறை என் நண்பர்களுக்கு வாசித்தேன். அறையில் ஒன்பது பேர் இருந்தோம். வாசித்து முடிப்பதற்குள் அடுப்பில் கரி அணைந்திருந்தது.

மணிலாப் பல்கலைக்கழகத்தில் நான் கழித்த ஐந்தாண்டுகளில் ஒரு பேராசிரியரும் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "ஏய், மூணாவது வரிசை" என்பதே என் பெயர். இங்கே முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் "தாங்கள் என்ன கருதுகிறீர்கள்?" என்று கேட்டபோது, எனக்குப் பின்னால் எந்தப் பெரிய மனிதர் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நான் கற்றுக்கொண்டதை எந்தச் சட்டப் புத்தகமும் கற்றுத்தரவில்லை: நாம் குனிவது நம் முதுகின் இயல்பு அன்று, பழக்கம்.

அந்தப் பேராசிரியர்தாம் சாட்சியச் சட்டமும் கற்பிக்கிறார். நூறு பேர் கொடுமை என்று கதறுவதைவிட, கொடுமை செய்தவன் வாயிலிருந்து வந்த ஒரு சொல் வலியது என்பது அவர் கொள்கை. உன் கடிதத்தில் அப்படியொரு சொல் இருக்கிறது, அக்கா. நாற்பது நாள், நாற்பது அடி. முந்நூறு ஆண்டு ஆட்சியை இதைவிடச் சுருக்கமாக நம்மவர் எவரும் சொன்னதில்லை. அவரே சொல்லிவிட்டார்.

அதை இங்கே நம்மவர் நடத்தும் பத்திரிகைக்குக் கட்டுரையாக்கியிருக்கிறேன். டிசம்பரில் வரும். பயப்படாதே. ஊர்ப் பெயர் இல்லை, ஆசிரியர் பெயர் இல்லை, சாமியார் பெயர் இல்லை. என் பெயரும் இல்லை. "வழிப்போக்கன்" என்று கையெழுத்திட்டிருக்கிறேன். மாகாணத்தையே மாற்றிவிட்டேன். மாற்றாமல் வைத்தவை இரண்டுதான்: அந்தச் சொல்லும், அந்தப் பழத்தோலும். அவற்றை மாற்றினால் எழுதுவதற்கே ஒன்றும் இல்லை.

அத்தானிடம் சொல்: ஓடிப் பாஸாகும் குதிரைக்கு ஜூனில் இறுதித் தேர்வு.

உன் தம்பி
எலிசியோ


சான் ரோக்கே
1888 ஜனவரி 8

தம்பி,

உன் கடிதம் நேற்று வந்தது. அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்துச் சரியாக இராது.

அதை அச்சில் போடாதே. போட்டிருந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. போடவில்லையானால் இந்தக் கடிதம் கண்டவுடன் கிழித்துவிடு.

ஊரை மாற்றினேன், பெயரை மாற்றினேன் என்கிறாய். இந்தத் தீவுகளில் எத்தனையோ சாமியார்கள் எத்தனையோ பேரை வைதிருப்பார்கள். நீட்டிய கையில் தோலை வைத்தவர் ஒருவர்தான். அவருக்குத் தாம் வைத்தது தெரியும். வாங்கியவர் சொல்லமாட்டார் என்பதும் தெரியும். மிச்சம் யார்? துருத்தி தைக்க அன்று ஆளை உட்காரவைத்ததும் அவர்தானே?

அந்தச் சங்கதியை உனக்கு எழுதினேன் என்பதே அத்தானுக்குத் தெரியாது. நேற்று இரவு உணவின்போது, "தம்பி என்ன எழுதியிருக்கான்? இன்னும் கடலைதானா?" என்றார். "கடலைதான்" என்றேன்.

சட்டம் படித்தவன் நீ. உன் காதோடு நிற்கட்டும் என்று நான் எழுதியது உன் சட்டத்தில் எதிலும் சேராதா?

மகாரியா


மத்ரித்
1888 பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

டிசம்பர் இதழில் கட்டுரை வந்தேவிட்டது. உன்னிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. அறுவடை வேலையில் இருப்பாய். நல்ல செய்தி காத்திருக்கலாகாது என்பதால் நானே எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை நம்மவர் அனைவரும் ஒரு விடுதியில் கூடி விருந்துண்டோம். எழுந்து நின்றவர் ஒவ்வொருவரும் கிண்ணத்தை உயர்த்தி, "நாற்பது அடி" என்றார்கள். அது எங்களுக்குள் அடையாளச் சொல் போலவே ஆகிவிட்டது. செபூவிலிருந்து வந்து மருத்துவம் படிக்கும் நண்பன் ஒருவன் என் தோளைத் தட்டி, "டேய், உங்க அக்கா எழுதினதுல பாதி வேகம் உனக்கு இருந்தா நீ மந்திரி ஆயிடுவடா" என்றான். உண்மையில் கட்டுரையின் சிறந்த வரிகள் உன்னுடையவை. நான் நிறுத்தற்குறிகள் போட்டேன்.

நாடாளுமன்றத்தில் நம் பக்கம் பேசும் உறுப்பினர் ஒருவர் அந்த இதழை மேசைமேல் வைத்திருந்ததை நண்பர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆசிரியர் தர்சிலோவுக்கு என்றாவது இது தெரிந்தால், தம் மூடிய கை வீணாகவில்லை என்று மகிழ்வார்.

பத்திரிகையை வீட்டுக்கு அனுப்பவில்லை. அந்த அளவு எச்சரிக்கை எனக்கும் உண்டு.

எலிசியோ


சான் ரோக்கே
1888 மார்ச் 28, பரிசுத்த வார புதன்

எலிசியோ,

உன் விருந்துக் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை அத்தானைக் கொண்டுபோய்விட்டார்கள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உனக்கு வரிசை பிடிக்கும்.

குருத்தோலை ஞாயிறு. ஊரே முன்பூசைக்கு வந்திருந்தது. ஓலை மந்திரித்தபின், ஒவ்வொருவராகப் போய் முழங்காலிட்டு ஓலை வாங்கி, சாமியார் கையை முத்தி செய்துவிட்டு வரும் வழக்கத்தில் பாடற்குழுத் தலைவருக்கு முதலிடம். அத்தான் போய் முழங்காலிட்டு இரண்டு கையையும் நீட்டினார். சாமியார் ஓலையை எடுக்கவில்லை. அங்கிப் பைக்குள் கையை விட்டு, காய்ந்து கறுத்த லான்சோனஸ் தோலை எடுத்து அத்தானின் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தம் கையாலேயே மூடிவிட்டார். பழம் போய் நாலு மாதம் ஆகிறது. யார் வீட்டுக் கூரையிலிருந்தோ தேடி வாங்கி வைத்திருந்திருக்கிறார்.

பின்னால் நின்றவர்களுக்கு ஓலைத் துண்டு என்றுதான் தெரிந்திருக்கும். நான் பெண்கள் வரிசையில் முதலாவதாக நின்றேன்.

"மத்ரித்துக்குப் போக நாப்பது நாள். திரும்பி வரவும் நாப்பது நாள்தான் ஆவுது கலிஸ்தோ" என்றார். குரலை உயர்த்தவில்லை.

அத்தானுக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்தே சொல்கிறேன், புரியவில்லை. எழுந்து போய் ஆர்கனில் உட்கார்ந்து பாடுகளின் பூசை முழுவதையும் ஒரு பிசகில்லாமல் வாசித்தார். முடிந்தபின் வாசலில் காவல்படையினர் இரண்டு பேர் நின்றார்கள். விசாரணை கிடையாது, மேலிடத்து உத்தரவு, தெற்கே பலாபாக் தீவுக்கு. ராஜத்துரோகப் பத்திரிகைக்குச் செய்தி கொடுத்தவராம்.

ஆர்கனை மூடித் துணியைப் போர்த்திச் சாவியை என்னிடம் தந்தார். அப்போதுதான் கேட்டார்.

"நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"தம்பிகிட்ட."

"தம்பிகிட்டதான? அப்பச் சரி."

அவ்வளவுதான். அப்பச் சரி என்றார். ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

வீட்டுக்கு ஓடி இரண்டு சட்டையும், கூரைமேல் காயவைத்துச் சேர்த்திருந்த தோலில் ஒரு பெரிய பொட்டலமும் கட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த காவலன், "என்னம்மா, குப்பையக் குடுத்து அனுப்புற?" என்றான். "கொசுவுக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான்.

மகாரியா


மத்ரித்
1888 மே 14

அக்கா,

எந்தச் சொல்லில் தொடங்கினாலும் அது எனக்காகப் பேசுவதாகவே முடிகிறது. ஆகவே நேராகச் சொல்கிறேன்: நான்தான் செய்தேன்.

உன் ஜனவரிக் கடிதம் பிப்ரவரி கடைசியில் வந்தது. அதற்கு நான் பதில் எழுதவில்லை. அச்சானதைக் கிழிக்க முடியாது என்று உனக்கு எழுதும் துணிவு எனக்கு இல்லை. ஒன்றும் நடக்காது என்று என்னை நானே நம்பவைத்தேன். அந்தக் கலையில் சட்ட மாணவர்கள் தேர்ந்தவர்கள்.

இப்போது செய்வதைச் சொல்கிறேன். அந்த நாடாளுமன்ற உறுப்பினரை இரண்டு முறை பார்த்தேன். விசாரணையின்றி ஒருவரை நாடுகடத்தியது பற்றி அவையில் கேள்வி எழுப்புவதாக வாக்களித்திருக்கிறார். காலனி அமைச்சகத்தில் மனு கொடுத்தேன். மனுவை வாங்கிக்கொண்ட எழுத்தர், பலாபாக் எங்கே இருக்கிறது என்று என்னிடமே கேட்டார். சுவரில் மாட்டியிருந்த படத்தில் காட்டினேன். "சின்னதா இருக்கே" என்றார். நம் அத்தான் இருக்கும் இடத்தை அந்த மனிதரின் சுண்டுவிரல் மறைத்தது.

விருந்தில் கிண்ணம் உயர்த்தியவர்கள் இப்போது என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றி வணங்குகிறார்கள். அத்தான் துன்புறுவதால் எனக்கு மதிப்பு கூடியிருக்கிறது. இதைவிட இழிவான ஒரு நிலைக்கு எதிரிகூட என்னைத் தள்ளியிருக்க முடியாது.

செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் சொல். எதுவானாலும் செய்வேன்.

எலிசியோ


சான் ரோக்கே
1888 ஜூன் 30

எலிசியோ,

எதுவானாலும் செய்வேன் என்று எழுதியிருக்கிறாய். இருக்கிறது. சொல்கிறேன்.

சாமியார் கூப்பிட்டனுப்பினார். போனேன். உட்காரச் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

"உன் தம்பி நல்லா எழுதுறான் மகாரியா. அவனுக்கு ஞானஸ்நானம் குடுத்தவன் நான். பெருமையாத்தான் இருக்கு."

வந்த காரியத்தைச் சொல்லட்டும் என்று நின்றேன்.

"நான் மன்னிச்சிட்டேன். ஆனா மன்னிப்புக்கு ஒரு காகிதம் வேணும். அந்தக் கட்டுரைல எழுதினது நானே கட்டின கதை, அப்படி எந்தச் சாமியாரும் எங்கயும் செய்யலைன்னு, சொந்தப் பேரு, ஊருப் பேரு போட்டு, அங்க ஒரு பங்குக் கோவில் சாட்சியோட கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். கோவில்ல வாசிச்சிட்டு மேலிடத்துக்கு நான் எழுதிடுறேன். அடுத்த கப்பல்ல கலிஸ்தோ வந்துடுவான்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா சாமி?"

"பொய்யா? கதை எழுதினேன்னு சொல்லச் சொல்றேன். படிச்சவங்க கதை எழுதறதில்லையா?"

"நடந்தது நடந்ததுதானே."

"யாரு பாத்தா?"

"அவர் பாத்தார்."

"அவன்தான் பலாபாக்ல இருக்கானே" என்றார்.

அந்த மனிதர் சொன்ன வாக்கைக் காப்பாற்றுவாரா என்று கேட்பாய். காப்பாற்றுவார் என்றே நினைக்கிறேன். அவருக்கு அத்தான்மேல் கோபம் இல்லை. வேண்டியது உன் கையெழுத்து.

அத்தானிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வருகிறதாம். காய்ச்சல் இல்லாத நாளில் சிப்பாய்களுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறாராம், "எல்லாம் கழுதைக் குரல், ஆனா கூட்டமாப் பாடினா தெரியல" என்று எழுதியிருக்கிறார். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

நான் கெஞ்சமாட்டேன். உன்னை ஒக்கலில் வைத்துச் சோறூட்டியவள் உன்னிடம் கெஞ்சும்படி வைக்காதே. கையெழுத்துப் போடு.

மகாரியா


மத்ரித்
1888 ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தேர்வில் தேறிவிட்டேன், பட்டம் கிடைத்துவிட்டது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் நீ அறிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அந்தக் காகிதத்தைப் பற்றி நண்பர்களுடன் கலந்தேன். கையெழுத்திட்டால் விளைவது என்ன என்பதைக் கோபப்படாமல் கேள். நம் பத்திரிகையில் வந்த ஒரு செய்தி பொய்யென்று அதை எழுதியவனே சான்றளித்தால், வந்தவை அனைத்தும் பொய்யாகும்; இனி வருபவையும் பொய்யாகும். ஆசிரியர் தர்சிலோ பட்ட அவமானம் நடவாத ஒன்றாகிவிடும். ஒருவர் திரும்பி வருவதற்காக எல்லோரும் வாய்மூட வேண்டும். அவர்கள் கேட்பது என் கையெழுத்தை மட்டும் அன்று.

அவை இப்போது கோடை விடுமுறையில் இருக்கிறது. கூடியதும் முதல் வாரத்திலேயே கேள்வி எழுப்பப்படும் என்று உறுதி சொல்லியிருக்கிறார்கள். அது பலித்தால் அத்தான் தலைநிமிர்ந்து திரும்புவார், எவருடைய மன்னிப்பும் இன்றி. சில வாரங்கள் பொறு. மறுக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்கிறேன்.

இங்கே வெயில் தாங்கவில்லை. நம் ஏரிக்காற்றை நினைத்துக்கொள்கிறேன்.

எலிசியோ


மத்ரித்
1888 செப்டம்பர் 30

அக்கா,

இத்துடன் காகிதம் இருக்கிறது. அவர் கேட்டபடியே என் முழுப்பெயர், ஊர், தந்தை பெயர், பங்குக் கோவில் சாட்சி, முத்திரை. "நான் கேட்டதும் அன்று, எவரும் எனக்குச் சொன்னதும் அன்று, என் கற்பனை" என்ற வாசகத்தை மும்முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். சாட்சிக் கையெழுத்திட்ட பாதிரியார் மிகவும் அன்பானவர். "வாலிபத்துல எல்லாரும் பண்றதுதான் தம்பி" என்றார்.

போன கடிதத்தில் நான் எழுதிய காரணங்கள் தப்பில்லாதவை. அவற்றை எழுதிய நோக்கம்தான் தப்பு. இத்தனை வாரமும் நான் எடைபோட்டது கொள்கையை அன்று, என் பெயரை. "பின்வாங்கியவன்" என்று என்னை அறை நண்பர்கள் எட்டுப் பேரும் சொல்வதைக் கேட்க எனக்கு அச்சம். அத்தானின் காய்ச்சலை ஒரு தட்டிலும் அந்த அச்சத்தை மற்றொரு தட்டிலும் வைத்து, முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேற்று விடுதியில் யாரோ பழக்கத்தில் "நாற்பது அடி" என்று கிண்ணத்தை உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். கை பாதி வழியில் நின்றது. எழுந்து வந்துவிட்டேன்.

பத்திரிகையிலிருந்து விலகிவிட்டேன். இனி யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும். காகிதத்தை உடனே கொண்டுபோய்க் கொடு.

அத்தான் வந்ததும் எழுது. என்னை மன்னிக்க முடியுமானால் அதையும் எழுது.

எலிசியோ


சான் ரோக்கே
1888 அக்டோபர் 10

எலிசியோ,

உன் ஆகஸ்ட் கடிதம் வந்தது. கப்பல் வந்த அன்றே துணிக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். உறையைப் பிரித்து உதறினேன். வேறு காகிதம் எதுவும் விழவில்லை.

ஆசிரியரின் அவமானம் நடவாததாகிவிடும் என்று கவலைப்பட்டிருந்தாய். அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து நேரே சாமியாரிடம் போய், "அப்படி நடக்கலைன்னு நானே சத்தியம் பண்றேன் சாமி. எம் மானத்துக்காக அவர் அங்க சாக வேணாம்" என்றிருக்கிறார். "நடந்துச்சுன்னு நீ எப்படா சொன்ன, இப்ப நடக்கலைன்னு சொல்ல வந்துட்ட?" என்று சாமியார் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

அவமானப்பட்டவர் விட்டுக்கொடுத்துவிட்டார். நீ யோசிக்கிறாய்.

மகாரியா


சான் ரோக்கே
1888 நவம்பர் 24

எலிசியோ,

அத்தான் அக்டோபர் பத்தொன்பதாம் தேதி காலையில் இறந்தார். எனக்கு நவம்பர் ஆறாம் தேதி தெரிந்தது. உன் காகிதம் பதின்மூன்றாம் தேதி வந்தது.

நீ ஆகஸ்டில் யோசிக்கிறேன் என்று எழுதிய நாளுக்கும் கையெழுத்திட்ட நாளுக்கும் இடையே முப்பத்தாறு நாள். பதினைந்து நாளைக்கு ஒரு கப்பல். இரண்டு கப்பல் உன் காகிதம் இல்லாமல் புறப்பட்டன. அது ஆகஸ்டில் கிளம்பியிருந்தாலும் அவர் பிழைத்திருக்கமாட்டார், காய்ச்சல் அப்போதே முற்றிவிட்டது என்று ஊரில் சிலர் ஆறுதலாகச் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாமலே இருவரும் இருக்கவேண்டும்.

அவருடைய மூட்டை வந்தது. சட்டை ஒன்று, இன்னொன்றை உடுத்திப் புதைத்துவிட்டார்களாம். நான் கட்டிக்கொடுத்த தோல் பொட்டலமும் இருந்தது. பாதிதான் எரித்திருக்கிறார். மீதியை ஒழுங்காக மடித்து நூல் சுற்றியிருந்தார். சிக்கனக்காரர். அடுத்த மாதத்துக்கு என்று வைத்திருக்கிறார்.

நாடுகடத்தப்பட்டவர் என்பதால் இங்கே அவருக்கு மணி அடிக்கவில்லை. முப்பது வருடம் ஊரில் செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஆர்கன் வாசித்தவருக்கு ஒரு மணிகூட இல்லை. ஒன்பது நாள் செபத்தை வீட்டிலேயே சொன்னோம். முதல் நாள் நாலு பேர் வந்தார்கள். ஒன்பதாம் நாள் வீடு கொள்ளவில்லை. படியிலும் முற்றத்திலும் நின்று பதில் சொன்னார்கள்.  சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பத்தாம் நாள் கோவில் கணக்கப்பிள்ளை வந்தார். அங்கே சாட்சி வைத்தாயல்லவா, அவர்கள் வழியாகவே செய்தி வந்துவிட்டிருக்கிறது.

"காகிதம் வந்துடுச்சாமே அக்கா. குடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை அண்ணனுக்குப் பெரிய பூசை வைக்கிறேன்னு சாமி சொல்றாரு. கோவில் மணி மூணையும் அடிக்கச் சொல்லிட்டாரு."

"அவர்தான் போயிட்டாரே. காகிதம் இப்ப எதுக்கு?"

"அது... வாசிக்கணும்ல."

எனக்கு ஆசை வந்தது, எலிசியோ. பொய் சொல்லமாட்டேன். மூன்று மணியும் ஒன்றாக அடித்தால் ஏரியின் அக்கரைவரை கேட்கும். கொடுத்துவிடலாமா என்று உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து காகிதத்தைக் கையில் எடுத்தேன். எடுத்ததால் மறுபடி படித்தேன். "எவரும் எனக்குச் சொன்னதும் அன்று" என்று எழுதியிருந்தது. அவர் என்னிடம் சொன்னார், நான் உன்னிடம் சொன்னேன். அதைச் சொன்னதற்காகத்தான் செத்தார். சொல்லவே இல்லை என்று பிரசங்க மேடையிலிருந்து வாசித்துவிட்டு, அந்தக் கையோடு அவருக்கு மணி அடிப்பார்கள்.

வெளியே வந்து, "காகிதம் இல்லைன்னு சொல்லிடுங்க" என்றேன்.

"நீங்க கைல வச்சிருக்கீங்களே அக்கா."

"சாயங்காலம் இருக்காது" என்றேன்.

மாலையில் அவருடைய பொட்டலத்தைப் பிரித்து, மிச்சமிருந்த தோலைச் சட்டியில் போட்டு, மேலே உன் காகிதத்தை வைத்துக் கொளுத்தினேன். முத்திரை அரக்கு உருகச் சற்று நேரம் பிடித்தது.

மன்னிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். சாமியாரைப்போல நான் மன்னிப்புக்குக் காகிதம் கேட்கமாட்டேன். காகிதம் இல்லாமல் மன்னிக்கவும் எனக்கு இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

பத்திரிகையிலிருந்து விலகிவிட்டதாக எழுதியிருந்தாய். திரும்பிப் போ. இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடு. இதற்கு முன் எழுதியவற்றையும் கொடு. நிறுத்தற்குறி போட்டுக்கொள், ஒரு சொல்லையும் அழகாக்காதே. அகாபித்தோ என்று போடு. சான் ரோக்கே என்று போடு. கலிஸ்தோ என்று போடு. ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன், "எம் பேரையும் போடச் சொல்லும்மா" என்றார். வழிப்போக்கன் வேண்டாம், உன் பெயரைப் போடு. யார் சொன்னது என்று இம்முறை அவர்கள் தேடி அலைய வேண்டியதில்லை, கீழே என் பெயர் இருக்கிறது.

ஒளித்து வைக்க இனி இந்த வீட்டில் ஆள் இல்லை.

மகாரியா
கலிஸ்தோவின் மனைவி
சான் ரோக்கே, ஏரிக்கரை